"நோ டவுட்" என்று எழுதியதால் ஒரு புக்கிங் போச்சு. இதை வாக்கியத்தில் எப்படித்தான் போடுவது?

கட்டபெட்டு மாடிவீடு | திங்கள், காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் கட்டபெட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறை எடுத்து நாலு வருஷமாக விருந்தினர்களுக்கு விடுகிறோம். சமையல் வீட்டம்மா பொறுப்பு, கணக்கும் கடிதமும் என் பொறுப்பு. கடிதத்தில்தான் இப்போது வினை.

இங்கிலாந்திலிருந்து வந்து மைசூரில் தங்கியிருக்கும் ஒரு வயதான தம்பதி, ஊட்டி மலர்க்கண்காட்சி வாரத்தில் நான்கு நாள் அறை வேண்டும் என்று மெயில் போட்டார்கள். மே மாதத்தில் இங்கே அறைக்கு என்ன கிராக்கி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயம்புத்தூர் குடும்பம் ஒன்று அதே தேதியைக் கேட்டிருந்தது. அந்த அம்மாள் எழுதிய விதம் பிடித்துப்போய், கோயம்புத்தூர்க்காரர்களைத் தள்ளிவிட்டு இவர்களுக்கே ஒதுக்கினேன். கேட்டிருந்த கேள்விகள் மூன்று: அறை உண்டா, காலையில் வெந்நீர் வருமா, இ-பாஸ் வேண்டுமா. நான் எழுதிய பதில் எழுத்துக்கு எழுத்து இதுதான்:

"நோ டவுட் தி ரூம் வில் பி ரெடி. நோ டவுட் ஹாட் வாட்டர் வில் கம். இ-பாஸ், ஆஃப் கோர்ஸ்."

மறுநாள் பதில் வந்தது. தமிழில் சொன்னால்: "மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. எங்களுக்கு உறுதியான இடம் தேவை என்பதால் குன்னூரில் அறை எடுத்துக்கொண்டோம்."

நான் எதை மறைத்தேன், எதை மறைக்கவில்லை? சந்தேகமே இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடித்துச் சொல்லியிருக்கிறேன். உறுதி இல்லை என்று அவர்களுக்கு எப்படிப் பட்டது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கல்லட்டி36 | திங்கள், காலை 8.05

அண்ணே, அவங்களுக்கே இங்கிலீஷ் வரலை போல. நான் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவிலும் வண்டி ஓட்டுகிறவன். ஒவ்வொரு வளைவிலும் "பிரேக் பிடிக்குமா?" என்று கேட்பார்கள், "நோ டவுட் சார்" என்பேன். இதுவரை எவரும் இறங்கி ஓடவில்லை.

---

குன்னூர்_பெஞ்ச் | திங்கள், காலை 10.20

ஓடும் வண்டியிலிருந்து எப்படித் தம்பி இறங்குவார்கள்?

நான் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தச் சொல் வகுப்பில் என்னையும் நிறையப் படுத்தியிருக்கிறது. மாடிவீடு சார் எழுதியதில் இலக்கணப் பிழை என்று எதுவுமில்லை. அந்த அம்மாள் புரிந்துகொண்டதிலும் பிழை இல்லை. வம்பே அதுதான்.

"நோ டவுட்" என்பதை அகராதி பார்த்துப் பெயர்த்தால் "சந்தேகம் இல்லை" என்று வரும். ஆனால் இங்கிலாந்துக்காரர் பேச்சில் அது வாக்கியத்தின் தலையில் வெறுமனே வந்து நின்றால், பெரும்பாலும் "அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்" என்ற அளவுக்குத்தான் பொருள். நேரில் பார்க்காமல் ஊகித்துச் சொல்வது. "நோ டவுட் யூ ஆர் டயர்ட்" என்று ஒருவர் சொன்னால், தமிழில் அது "நீங்கள் களைத்திருக்கிறீர்கள், சந்தேகமே இல்லை" ஆகாது. "களைத்திருப்பீர்கள்" என்று வரும். அவ்வளவுதான். "நோ டவுட் ஹி மிஸ்ட் தி பஸ்" என்றால் "பஸ்ஸை விட்டிருப்பான்". நம் மொழியில் வினைமுற்றின் வாலில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த "-இருப்பான்", "-இருப்பீர்கள்" இருக்கிறதே, அதன் வேலையைத்தான் அங்கே இந்த இரண்டு சொல்லும் செய்கின்றன.

இப்போது சாரின் கடிதத்தை அவர்கள் காதால் கேட்போம்: "அறை தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீர் வரும் போலிருக்கிறது." காலை நேரத்துக் கட்டபெட்டுக் குளிரில் "வெந்நீர் வரும் போலிருக்கிறது" என்றால் நானாக இருந்தாலும் வேறு இடம்தான் பார்ப்பேன்.

இன்னொன்றும் உண்டு. "நோ டவுட்" வந்தால் பின்னாலேயே ஒரு "பட்" வரும் என்று அவர்கள் காது காத்திருக்கும். "நோ டவுட் தி டீ இஸ் குட், பட்..." நம்மிடம் இதற்கு அச்சாக ஒன்று இருக்கிறது: "டீ நல்லாத்தான் இருக்கு, ஆனா..." அந்த "தான்" விழுந்ததுமே டீக்கடைக்காரர் முகம் மாறிவிடும், "ஆனா" வருகிற வரைக்கும் பொறுக்க மாட்டார். இரண்டு "நோ டவுட்" போட்டுவிட்டு சார் "ஆனா" சொல்லவில்லை. அந்த "ஆனா"வை அந்த அம்மாள் தானே எழுதிக்கொண்டுவிட்டார்.

---

கட்டபெட்டு மாடிவீடு | திங்கள், காலை 10.48

டீச்சர், தலையில் யாரோ குட்டின மாதிரி இருக்கிறது. அப்படியானால் உண்மையிலேயே சந்தேகம் இல்லாதபோது அவர்கள் என்னதான் சொல்வார்கள்?

---

குன்னூர்_பெஞ்ச் | திங்கள், காலை 11.30

அதே சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டால் பலம் வந்துவிடும். "ஐ ஹேவ் நோ டவுட்" என்றால் சொல்கிறவர் தானே பொறுப்பேற்கிறார். "தேர் இஸ் நோ டவுட்" என்றால் ஊரே ஒப்புக்கொண்ட மாதிரி. "வித்தவுட் எ டவுட்" இன்னும் அழுத்தம்: "ஊட்டி மலை ரயிலில் ஏறியே ஆகணுமா?" என்று கேட்டால் "வித்தவுட் எ டவுட்" என்று தாராளமாகச் சொல்லலாம். மொட்டையாக முன்னால் நிற்கிற "நோ டவுட்"தான் சோனி.

மாணவர்கள் தடுமாறும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். "நெவர்" என்று தொடங்கினால் வாக்கியம் புரளும், "நெவர் ஹேவ் ஐ சீன்" என்று. அதைப் படித்த பிள்ளைகள் "நோ"வைப் பார்த்ததும் "நோ டவுட் வில் ஹி கம்" என்று புரட்டிவிடுவார்கள். வேண்டாம். "நோ டவுட் ஹி வில் கம்", நேராகவே போகும்.

---

பந்தலூர் பையன் | திங்கள், மதியம் 1.15

> "சந்தேகம் இல்லை" என்று வரும். ஆனால் இங்கிலாந்துக்காரர் பேச்சில்...

மன்னிக்கணும் டீச்சர், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெங்களூரில் என் குழுவில் பதினோரு பேர். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி எல்லாம் உண்டு. "இன்னைக்கு முடிஞ்சிடுமா?" என்றால் "நோ டவுட்" என்போம், முடிந்துவிடும் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வோம். இத்தனை பேர் ஒரே பொருளில் பேசினால் அதுவும் ஒரு ஆங்கிலம்தானே? "டவுட்" என்ற சொல்லையே நாம் வேறு வேலைக்கு வைத்திருக்கிறோம். பந்தலூரில் நான் படித்த பள்ளியில் பாடம் முடிந்ததும் "எனி டவுட்ஸ்?" என்பார்கள். அதற்குப் பொருள் "கேள்வி உண்டா?" "நோ டவுட் சார்" என்று கத்தினால் "மணி அடிச்சாச்சு, விடுங்க" என்று பொருள்.

ஐம்பது வருஷம் கழித்து இங்கிலாந்துக்காரர் நம்மைப் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

---

குன்னூர்_பெஞ்ச் | திங்கள், மதியம் 2.02

நமக்குள் பேசும்போது நீங்கள் சொல்வது சரி. அதை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். "எனக்கு ஒரு டவுட்" என்று கை தூக்கிய பிள்ளையை "உனக்கு டவுட் இல்லை, கொஸ்டின்" என்று திருத்திக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். ஆனால் பணம் கட்டப் போவது அந்த அம்மாள். ஐம்பது வருஷம் வரை மாடிவீட்டு அறை காலியாக இருக்க முடியாது அல்லவா?

---

மௌன வாசகி | திங்கள், இரவு 9.10

நான் இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. "டவுட்" என்றதும் கை அரிக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில வருஷத்துக்கு முன் ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆஸ்திரேலியாக் குடும்பம் ஒன்று மூன்று நாள் தங்கியது, பையனுக்குப் பத்து வயசு இருக்கும். கிளம்புகிற அன்று அறை துடைக்கப் போன அக்கா மின்கெண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் பால் தீய்ந்த வாடை. அடியில் நூடுல்ஸ் கருகி, ஒட்டடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியின் கொக்கி உடைந்து, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். ரப்பர் பேண்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை, இது சின்னப் பையன் வேலைதான்.

முகத்துக்கு நேராகச் சொல்லச் சங்கடம். பில்லோடு ஒரு சீட்டு எழுதி வைத்தேன்: "ஐ டவுட் யுவர் சன் புரோக் தி கெட்டில்." என் மனதில் இருந்தது, "உங்க பையன்தான் உடைச்சிருப்பான்னு சந்தேகப்படுறேன்."

அந்த அம்மா சீட்டைப் படித்தார். முகமெல்லாம் மலர்ந்தது. கவுண்டரைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எவ்வளவு நல்லவர் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு சாக்லேட் பெட்டியும் கொடுத்தார். பையன் மட்டும் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான். வண்டி கிளம்பிவிட்டது.

கெண்டிக்கான பணம் 1,200 ரூபாயை நிர்வாகம் என் சம்பளத்தில் பிடித்தது. சாக்லேட்டை எல்லோருமாகச் சாப்பிட்டோம். நான் எழுதியதன் பொருள் "உங்க பையன் உடைச்சிருக்க மாட்டான்னு நினைக்கிறேன்" என்று பல மாதம் கழித்துத்தான் ஒருவர் விளக்கினார்.

---

கல்லட்டி36 | திங்கள், இரவு 9.14

ஐயோ அக்கா!!! சாக்லேட் 1,200-க்கு இருந்துச்சா?

---

மௌன வாசகி | திங்கள், இரவு 9.16

இருக்காது. நோ டவுட்.

---

பழைய_புத்தகம் | திங்கள், இரவு 11.40

வாசகி அவர்களே, உங்கள் ஆங்கிலம் தவறானது அல்ல, கொஞ்சம் காலம் தவறியது.

"டவுட்" பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் லத்தீனில் "துபிதாரே". இரண்டு என்று பொருள்படும் "துவோ"வுக்கு அது சொந்தம். இரண்டு மனமாக நிற்பது. நாம் "இருமனமா இருக்கேன்" என்கிறோமே, அதே படம். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதன் எழுத்தில் "பி" கிடையாது. பிற்காலத்துப் படிப்பாளிகள் லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று "பி"யைக் கொண்டுவந்து நடுவில் செருகினார்கள். அது இன்றைக்கு வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி.

இப்போது வாசகி விஷயம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் "ஐ டவுட்" என்பதற்கு "அப்படி இருக்குமோ என்று அஞ்சுகிறேன், சந்தேகிக்கிறேன்" என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் உண்டு. அங்கே ஒரு கிழவர் வானத்தைப் பார்த்து "ஐ டவுட் இட் வில் ரெயின்" என்றால் குடையை எடுத்துக்கொள்ளுங்கள், மழை வரும் போலிருக்கிறது என்கிறார். லண்டன்காரர் அதையே சொன்னால் குடை வேண்டாம். உங்கள் விருந்தினர் மட்டும் ஒரு ஸ்காட்லாந்துப் பாட்டியாக இருந்திருந்தால் 1,200 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எதற்கும் கையில் இருக்க வேண்டிய சொல் "சஸ்பெக்ட்". "ஐ சஸ்பெக்ட் ஹி புரோக் இட்" என்றால் உடைத்தான் என்று நினைக்கிறேன். "ஐ டவுட் ஹி புரோக் இட்" என்றால் உடைக்கவில்லை என்று நினைக்கிறேன். நம் "சந்தேகம்" இரண்டையும் ஒரே சட்டையில் சுமக்கிறது. "அவன்மேல் சந்தேகம்" என்றால் செய்திருப்பான், "அவன் வருவது சந்தேகம்" என்றால் வர மாட்டான். ஆகக் குழப்பம் "டவுட்"டில் தொடங்கவில்லை, நம் வீட்டிலேயே தொடங்குகிறது.

---

கேரட்டு | செவ்வாய், காலை 5.50

விடிகாலை கேரட் கழுவுகிற இடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தேன். ஆங்கிலத்தை விடுங்கள், தமிழில் நாம் "கண்டிப்பா" என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்?

எங்கள் ஊர் கேத்திப் பக்கம். கேரட்டை இரவில் பிடுங்கி, இயந்திரத்தில் கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். கழுவின கேரட் காத்திருக்காது. நேற்று லாரிக்காரரிடம் "மூணு மணிக்கு வருவீங்களா?" என்றேன். "கண்டிப்பா வர்றேண்ணே." அந்தக் "கண்டிப்பா"வைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. வருகிறவன் "வர்றேன்" என்று மட்டும் சொல்வான். "கண்டிப்பா" போட்டாலே பாதி சந்தேகம். "கண்டிப்பா, நிச்சயமா" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் வேறு லாரி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதும் இதே கதை. "கண்டிப்பா வந்துடுறோம்" என்று சொன்னவர்களைக் கணக்கில் எடுத்து இலை போட்டால் சாப்பாடு மிஞ்சும்.

வானிலைக்காரர்கள் இந்த விஷயத்தில் தேவலாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கையில் "லைக்லி" என்று போட்டால் 25 முதல் 50 சதவீதம் வாய்ப்பு. "வெரி லைக்லி" என்றால் 50 முதல் 75. "மோஸ்ட் லைக்லி" என்றால் 75-க்கு மேல். ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கட்டி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் வெறும் "லைக்லி"க்கே பயந்து விடிய விடியக் கேரட் பிடுங்கிய வருஷங்கள் எனக்கு உண்டு. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்போதெல்லாம் எந்தச் சொல்லும் போதவில்லை என்பது வேறு.

லாரி இன்னும் வரவில்லை. போன் போட்டால், மேட்டுப்பாளையம் தாண்டி மலையில் இருக்கிற பர்லியாரைச் சொல்லி, "பர்லியார் தாண்டிட்டேண்ணே" என்கிறார். பின்னால் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு கேட்கிறது.

---

குன்னூர்_பெஞ்ச் | செவ்வாய், காலை 8.30

கேரட்டுத் தம்பி, "தாண்டிட்டேன்" என்று அந்த ஓட்டுநர் சொன்னதற்கு நன்னூலில் இடம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்லலாம் என்று பவணந்தியார் இடம் கொடுக்கிறார். சாப்பிட்டுக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்பது விரைவு. தெளிவுக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் அழகானது: எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் "மழை பெய்தது" என்பார்கள். இன்னும் ஒரு துளி விழவில்லை. ஆனால் எறும்பைப் பார்த்தாகிவிட்டதே, அதனால் பெய்யும் என்று சொல்லாமல் பெய்தது என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய "நோ டவுட்" எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்துக்காரர் உறுதியைக் காட்டச் சொல் தேடுகிறார். நாம் காலத்தையே மாற்றிவிடுகிறோம். ஒற்றை எழுத்திலும் உறுதி காட்டத் தெரியும். ஏகாரத்துக்கு நன்னூல் சொல்லும் ஆறு பொருளில் தேற்றமும், அதாவது உறுதியும், ஒன்று. "அவனே வந்தான்" என்று சொல்கிறபோது பிரித்துக் காட்டுகிறோமா தேற்றமாகச் சொல்கிறோமா என்பதைக் குரல்தான் காட்டும்.

உங்கள் ஓட்டுநருக்கு எறும்புக்கு உள்ள ஆதாரம் இல்லை, அது ஒன்றுதான் குறை.

---

பந்தலூர் பையன் | செவ்வாய், காலை 9.05

டீச்சர், இதற்கு நான் சரணடைகிறேன். இன்றைக்கு மேலாளர் கேட்டால் "முடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு நன்னூலைக் காட்டுகிறேன்.

---

கட்டபெட்டு மாடிவீடு | செவ்வாய், காலை 9.40

எல்லோரும் நன்னூலுக்குப் போய்விட்டீர்கள், என் மே மாதம் என்ன ஆவது? அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். அறை இருக்கிறது என்று தெரிந்தாவது போகட்டும். வரைவு:

"ஷ்யூர்லி தி ரூம் இஸ் தேர். டெஃபனட்லி ஹாட் வாட்டர் இஸ் தேர். வித்தவுட் எ டவுட் யூ வில் லைக் இட்."

சரியா?

---

குன்னூர்_பெஞ்ச் | செவ்வாய், காலை 10.15

"ஷ்யூர்லி"யை அடித்துவிடுங்கள் சார், அது "நோ டவுட்"டை விட மோசமான குழி. "ஷ்யூர்லி யூ ஆர் கமிங்?" என்றால் "வருவீங்கதானே?" என்று பொருள். கேட்கிறவருக்கே நம்பிக்கை தள்ளாடுகிறது. உங்கள் வரி அவர்களுக்கு "அறை இருக்குமே, இருக்காதா என்ன?" என்று கேட்கும். நிச்சயம் என்று சொல்ல "ஷ்யூர்லி" போடவே போடாதீர்கள். "ஷ்யூர்" மட்டும் என்றால் "சரி, ஆகட்டும்". அது வேறு வீட்டுப் பிள்ளை.

முதல் கடிதத்தில் இ-பாஸுக்கு "ஆஃப் கோர்ஸ்" போட்டிருந்தீர்களே, அதுவும் சுருக்கென்று தைத்திருக்கும். உதவி கேட்டால் "ஆஃப் கோர்ஸ்" இனிக்கும். "பேனா தருவீர்களா?" "ஆஃப் கோர்ஸ்." தகவல் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று தொனிக்கும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல்தான் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

இனி முக்கியமானது. கேரட்டுத் தம்பி சொன்ன "வர்றேன்" ரகசியம் ஆங்கிலத்துக்கும் பொருந்தும். "ஹி மஸ்ட் பி அட் ஹோம்" என்றால் வீட்டில் இருப்பான் என்று ஊகிக்கிறார்கள். "ஹி இஸ் அட் ஹோம்" என்றால் இருக்கிறான், முடிந்தது. ஒட்டு ஒன்று கூட வேண்டாம். அதனால் இப்படி எழுதுங்கள்:

"யுவர் ரூம் இஸ் ரிசர்வ்ட். ஹாட் வாட்டர் இஸ் அவெய்லபிள் ஃப்ரம் சிக்ஸ் இன் தி மார்னிங். யூ வில் நீட் ஆன் இ-பாஸ். ஐ கேன் ஹெல்ப் யூ கெட் இட்."

உறுதிச் சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். ஆறு மணி என்று போட்டிருக்கிறேன், வெந்நீர் ஆறு மணிக்கு வருமா?

---

கட்டபெட்டு மாடிவீடு | செவ்வாய், காலை 10.22

கரண்ட் இருந்தால் வரும் டீச்சர்.

---

குன்னூர்_பெஞ்ச் | செவ்வாய், காலை 10.24

அப்படியானால் அதையும் எழுதுங்கள். விறகு பாய்லர் இருக்கிறதா?

---

கட்டபெட்டு மாடிவீடு | செவ்வாய், காலை 10.31

இருக்கிறது. வீட்டம்மா நாலரைக்கே பற்ற வைத்துவிடுவாள். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

---

பழைய_புத்தகம் | செவ்வாய், காலை 10.50

பாய்லரை முதல் வரியில் போடுங்கள். வெள்ளைக்காரரை அசைக்க அதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

---

கேரட்டு | செவ்வாய், காலை 11.10

லாரி வந்தது. "பர்லியாரில் கூட்டம்ணே" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

---

கட்டபெட்டு மாடிவீடு | மூன்று வாரம் கழித்து, புதன், மாலை 6.30

இந்த இழையை மறந்திருப்பீர்கள். டீச்சர் சொன்னபடி பாய்லரோடு கடிதம் போட்டேன். குன்னூரில் முன்பணம் கட்டிவிட்டார்களாம், அதனால் தங்க வர முடியாது, ஆனால் பாய்லரைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தார்கள். அறையைக் கடைசியில் கோயம்புத்தூர் குடும்பமே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அந்த அம்மாளிடமிருந்து இரண்டு வரி:

"நோ டவுட் இட் வில் ரெயின் டுமாரோ, பட் வி ஆர் கமிங் டு டீ அட் ஃபோர்."

டீச்சர், "நோ டவுட்" போட்டிருக்கிறார்கள். "பட்"டும் வந்துவிட்டது. வருகிறார்களா இல்லையா? வீட்டம்மா வர்க்கி வாங்கச் சொல்கிறாள். எத்தனை வாங்குவது?

---

குன்னூர்_பெஞ்ச் | புதன், மாலை 6.41

"நோ டவுட்" மழைக்கு. "வி ஆர் கமிங்" அவர்களுக்கு. வர்க்கி வாங்குங்கள் சார், கொஞ்சம் தாராளமாகவே.

---

கல்லட்டி36 | வியாழன், மாலை 5.20

அண்ணே, வந்துட்டாங்களா?

---

கட்டபெட்டு மாடிவீடு | வியாழன், மாலை 5.55

வந்துட்டாங்க. நாலு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே கேட்டைத் திறந்துவிட்டார்கள். பாய்லரைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள், வீட்டம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி. வர்க்கி தீர்ந்துபோச்சு.

மழை பெய்யவே இல்லை.